அமெரிக்கா போகும் ஓசூர் போனுக்கு பாஸ்போர்ட் கொடுப்பது யார்?

"என் பொண்ணு ஓசூர்ல போன் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. 'நாங்க செய்யறது அமெரிக்காவுக்குப் போகுதும்மா'ன்னு சொல்றா. இங்க செஞ்ச போனை அங்க விக்கலாம்னு யாருங்க சர்டிஃபிகேட் குடுக்கறது? நம்ம கவர்மென்ட்டா, அவங்க கவர்மென்ட்டா?"

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. கேள்வி எளிமையாகத்தான் இருக்கிறது. பதில் தேடப் போனால் ஃபிரான்ஸ், இந்தோனேசியா, சித்தேரி மலை என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் இந்த வாரம் முழுக்க இந்த ஒரே கேள்விதான்.

ஒரு வரி பதில் வேண்டுமென்றால்: அவங்க சட்டம், அவங்க அங்கீகரித்த அமைப்பு. நம் ஊர் முத்திரை அமெரிக்கக் கடையில் செல்லாது. அங்கே வாங்கிய முத்திரை நம் ஊரில் செல்லாது.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. மாம்பழ வியாபாரிகளைக் கேளுங்கள். 2007ல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா மறுபடி கதவைத் திறந்தபோது, பழத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஜப்பான் அதைக் கேட்கவில்லை. நீராவிச் சூட்டில் பழத்தை வைத்துப் பூச்சியைக் கொல்ல வேண்டும் என்றது. மரம் ஒன்று, பழம் ஒன்று, வாசலுக்கு வாசல் வேறு சோதனை. போனுக்கும் இதே கதைதான். பழத்தில் அவர்கள் பூச்சியைத் தேடுகிறார்கள், போனில் அலையைத் தேடுகிறார்கள்.

ஃபிரேம்தான் ஆன்டெனா

ஓசூரை வேறு மாவட்டம் என்று இன்றைக்குச் சொல்கிறோம். 2004 பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது தர்மபுரி மாவட்டம்தான். அந்த ஓசூர் பக்கத்தில்தான் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான வெளிக்கூடுகளைச் செய்துகொண்டிருக்கிறது. 2025ல் அங்கேயே போனை முழுதாகப் பூட்டும் வேலையும் ஆரம்பமானது. ஆலையில் பெரும்பாலும் பெண்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் அமெரிக்காவுக்குப் போன ஸ்மார்ட்போன்களில் 44 சதவிகிதம் இந்தியாவில் செய்தவை என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் இதே மாதங்களில் அது 13 சதவிகிதம்தான். முதல் முறையாக சீனாவைத் தாண்டியிருந்தோம்.

வெளிக்கூடு என்றதும் சாதாரண டப்பா என்று நினைத்துவிட வேண்டாம். ஐபோனைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அங்கங்கே மெல்லிய கோடு மாதிரி பிளாஸ்டிக் இடைவெளி தெரியும். அது அழகுக்காக வைத்தது அல்ல. 2010ல் வந்த ஐபோன் 4 முதல் அந்த உலோகச் சட்டத்தின் துண்டுகளே ஆன்டெனா. எந்தத் துண்டு எவ்வளவு நீளம், இடைவெளி எங்கே என்பதை வைத்துத்தான் எந்த அலைவரிசையில் போன் நன்றாகப் பேசும் என்பது முடிவாகும். அந்த வாசகியின் மகள் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று தெரியாது. கூடு செய்யும் பிரிவு என்றால், அவர் கையில் தினமும் வந்து போவது ஆன்டெனா!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்கா கொடுக்கும் அனுமதி ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக வருவதில்லை. மாடலுக்குத்தான். சில மாதிரிகளைச் சோதித்து அந்த மாடல் பாஸ் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு செய்கிற லட்சக்கணக்கான போன்களும் அந்த மாதிரியைப் போலவே இருக்க வேண்டும். ஆன்டெனாவின் வடிவத்தையோ ரேடியோ சிப்பையோ மாற்றினால், மாற்றத்தின் அளவைப் பொறுத்து மறுபடி சோதனை, மறுபடி விண்ணப்பம். ஆக, சோதனை அறையில் வாங்கிய சர்டிஃபிகேட்டைத் தினமும் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஆலையின் தொழிலாளிகள்தான்.

அனுமதி கொடுக்கும் இடத்தின் பெயர் எஃப்.சி.சி. அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். அவர்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. அவர்கள் அங்கீகரித்த ஆய்வகம் சோதிக்கும், அவர்கள் அங்கீகரித்த சான்றளிப்பு அமைப்பு அறிக்கையைப் படித்து எண் கொடுக்கும். அந்த எண்ணின் தலையெழுத்தே கம்பெனியைச் சொல்லிவிடும். பி.சி.ஜி. என்று தொடங்கினால் ஆப்பிள், ஏ-3-எல் என்றால் சாம்சங்.

இப்போதே பார்க்கலாம். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் லீகல் அண்ட் ரெகுலேட்டரி. ஆண்ட்ராய்டில் அபவுட் போன் பகுதிக்குள் ரெகுலேட்டரி லேபிள்ஸ் என்று இருக்கும், போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். ஊர்ப்பட்ட நாடுகளின் சின்னங்கள் வரிசையாக வரும். முன்பெல்லாம் இதையெல்லாம் போனின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்தார்கள். திரையிலேயே காட்டினால் போதும் என்று 2014ல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு முதுகு சுத்தமாகிவிட்டது. எஃப்.சி.சி. எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டுத் தேடினால் சோதனை அறிக்கையே கிடைக்கும். பல பொருள்களுக்கு உள்ளே பிரித்து எடுத்த போட்டோக்களும் இருக்கும். பொழுது போகாத நாளில் முயற்சி செய்யலாம்.

காற்றுக்கும் பட்டா உண்டு

சரி, ஒரு நாட்டில் பாஸான பொருளை இன்னொரு நாடு ஏன் நம்பக் கூடாது?

ரேடியோ அலையை நிலம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாடும் தன் தலைக்கு மேலிருக்கும் அலைவரிசைகளை சர்வே போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. சில துண்டு ராணுவத்துக்கு, சில துண்டு விமானத்துக்கு, சிலவற்றைக் கோடி கோடியாக ஏலத்தில் எடுத்த செல்போன் கம்பெனிகளுக்கு. கொஞ்சம் புறம்போக்கும் உண்டு. குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். வைஃபை, புளூடூத், கேட் திறக்கும் ரிமோட் எல்லாம் இந்தப் புறம்போக்கில்தான் குடியிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், புறம்போக்கு எல்லா நாட்டிலும் ஒரே சர்வே நம்பரில் இல்லை. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை புறம்போக்கு. வயல் சென்சார், தண்ணீர் மீட்டர், சில குழந்தைக் கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் அங்கே அதில் ஓடுகின்றன. இந்தியாவில் அந்த இடம் பட்டா நிலம். 890 முதல் 915 வரை, நம் செல்போன் டவரோடு பேசும் பாதை. இங்கே இதே மாதிரிக் கருவிகளுக்கு ஒதுக்கிய புறம்போக்கு 865 முதல் 868 வரை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஆசையாக வாங்கி வந்த சென்சாரைத் தோட்டத்தில் மாட்டினால், அது டவரின் காதுக்குள் கத்திக்கொண்டே இருக்கும். கருவி நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் "ஹலோ... ஹலோ..." என்று கத்திக்கொண்டிருப்பார். ஏன் என்று இருவருக்குமே தெரியாது.

அதனால்தான் முதல் சோதனையே "உனக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும் நிற்கிறாயா, வரப்பைத் தாண்டுகிறாயா" என்பது. சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாக நுரை ஒட்டிய ஓர் அறை இருக்கும். வெளி அலை உள்ளே வராது, உள்ளே எழும் அலை சுவரில் பட்டுத் திரும்பாது. நடுவில் சுழலும் மேசையில் கருவியை வைத்து, சில மீட்டர் தள்ளி ஆன்டெனா வைத்து எல்லாத் திசையிலும் அளப்பார்கள். பிறகு 8,000 வோல்ட் வரை நிலைமின்சாரத்தைத் துப்பாக்கி மாதிரிக் கருவியால் சுட்டுப் பார்ப்பார்கள். பனிக்காலத்தில் கம்பளியை உதறும்போது சுரீர் என்று அடிக்குமே, அதேதான்.

அடுத்தது உடம்பு. போன் வெளியிடும் சக்தியில் எவ்வளவு நம் உடம்பு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் அளவை எஸ்.ஏ.ஆர். என்கிறார்கள். இதற்கு ஒரு பொம்மைத் தலை உண்டு. அமெரிக்க ராணுவ வீரர்களின் தலை அளவை வைத்துச் செய்தது. அதற்குள் மனிதத் திசுவைப் போல மின்சாரத்துக்கு நடந்துகொள்ளும் ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். தண்ணீர், சர்க்கரை, உப்பு கலந்து காய்ச்சுவது பழைய பக்குவம்! வெளியே காதோரம் போனைப் பொருத்தி, உள்ளே ரோபோ கை ஓர் ஊசியை விட்டு அளக்கும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவில் சராசரி எடுக்க வேண்டும். அமெரிக்காவிலும் அதே. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் 10 கிராம் திசுவில் சராசரி. பல போன்களில் ஸ்டார், ஹேஷ், 07, ஹேஷ் என்று டயல் செய்தால் உங்கள் போனின் அளவு திரையில் வரும்.

மூன்று வருஷம் கழித்து மாட்டிய போன்

ஐரோப்பாவின் முறை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ரேடியோ கருவிகளுக்கு 2014ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்குக் கம்பெனியே சோதித்து, "எல்லா விதிக்கும் உட்பட்டது" என்று தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு சி.இ. முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம். பரவாயில்லையே, ஈஸி என்று தோன்றும். ஆனால் எந்த நாடும் எப்போது வேண்டுமானாலும் கடையில் ஒரு பொருளை வாங்கிச் சோதிக்கும்.

அப்படித்தான் ஃபிரான்ஸின் அலைவரிசை முகமை ஏ.என்.எஃப்.ஆர். 141 போன்களைச் சோதித்தது. ஐபோன் 12, கையில் பிடிக்கும் நிலையில் கிலோவுக்கு 5.74 வாட் காட்டியது. கை கால்களுக்கான வரம்பு 4. 2023 செப்டம்பர் 12 அன்று அந்த நாட்டில் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். 2020ல் சந்தைக்கு வந்த போன், மூன்று வருஷம் விற்ற பிறகு! பல அமைப்புகளிடம் சான்று வாங்கிய போன்தான் என்று ஆப்பிள் சொன்னது. உடம்பை விட்டு விலகி மேசை மேல் இருக்கும்போது போன் சக்தியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும், ஃபிரான்ஸின் சோதனை முறை அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர்கள் விளக்கம். கடைசியில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்து அந்தப் பழக்கத்தையே நிறுத்தினார்கள். உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்று ஒரே ஒரு நாட்டுக்காகத் தன் போனின் நடத்தையை மாற்றியது. இந்த வரம்புகளே ஆபத்து அளவுக்கு மிகவும் கீழே வைக்கப்படுபவை, அதனால் ஐபோன் 12 வைத்திருந்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று யாரும் தூங்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். சி.இ. எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் அது "சைனா எக்ஸ்போர்ட்" முத்திரை என்று ஃபேமிலி குரூப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றும். அப்படி ஒரு முத்திரையே கிடையாது. நெருக்கமாக இருந்தால் சி.இ. முத்திரையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது போலியாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாமே அலையும் ஆரோக்கியமும்தானா என்றால், இல்லை. 2024 அக்டோபரில் இந்தோனேசியா ஐபோன் 16 விற்பனைக்குத் தடை போட்டது. காரணம், 40 சதவிகிதம் உள்நாட்டுப் பங்கு இருக்க வேண்டும் என்ற சான்றிதழ் இல்லை. முதலீடு பற்றிப் பேரம் பேசி முடித்த பிறகு 2025ல்தான் கதவு திறந்தது. அமெரிக்கா 2022 நவம்பரில் ஹுவாவே, இசட்.டி.இ. முதலான ஐந்து சீனக் கம்பெனிகளின் புதிய தொலைத்தொடர்பு, கேமரா கருவிகளுக்கு அனுமதி கிடையாது என்றது. நாட்டுப் பாதுகாப்பு என்றார்கள். நாமும் சளைக்கவில்லை. 2025 ஏப்ரல் 9 முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்கு ஹேக்கிங் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்.

75 சதவிகிதம் எங்கே?

எனக்கு இந்தக் கதையில் உறுத்துகிற இடம் இதுதான். அமெரிக்காவில் விற்கும் எலக்ட்ரானிக் பொருள்களில் சுமார் 75 சதவிகிதம் சீனாவில் இருக்கும் ஆய்வகங்களில் சோதிக்கப்படுகிறது என்று 2025 மே மாதம் எஃப்.சி.சி.யே சொன்னது. சீன அரசின் பிடியில் இருக்கும் ஆய்வகங்களை இனி ஏற்பதில்லை என்ற முடிவையும் அப்போது எடுத்தது. பூட்டும் வேலை சீனாவிலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. சோதிக்கும் வேலையும் எங்காவது நகர்ந்துதானே ஆக வேண்டும்?

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று இல்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் மையம் மின்காந்தச் சோதனைகளைச் செய்கிறது. தர்மபுரியிலிருந்து என்.எச்.44ல் நேரே போனால் வரும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் டியூவி ரைன்லாந்து என்ற ஜெர்மன் நிறுவனம் சோதனைக்கூடம் வைத்திருக்கிறது. இந்த வேலைக்கு ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை. இ.சி.இ. படித்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கையாளத் தெரிந்து, தர விதிமுறைகளைப் பொறுமையாக வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆய்வகங்களுக்கே ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தர அளவு இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்திருந்தால் இன்டர்வியூவில் கூடுதல் மதிப்பு. இ.சி.இ. முடித்துவிட்டு ஓசூர் பஸ்ஸில் அசெம்பிளி லைனுக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் இந்தப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சொந்தமாகக் கருவி செய்து வெளிநாட்டில் விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கிணற்று மோட்டாரை செல்போனில் ஆன் செய்யும் பெட்டி மாதிரி ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ரேடியோ பகுதியை நீங்களே வடிவமைத்தால் மொத்தச் சோதனைச் செலவும் உங்கள் தலையில். ஏற்கெனவே அனுமதி வாங்கிய ரேடியோ மாட்யூலை வாங்கி, அதன் நிபந்தனைப்படி பொருத்தினால், "இந்த எண்ணுள்ள மாட்யூல் உள்ளே இருக்கிறது" என்று லேபிளில் போட்டு, ரேடியோ சோதனையின் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். சிறு கம்பெனிகள் பிழைப்பது இந்த வழியில்தான்.

உள்ளே வருவதற்கும் வாசல் உண்டு

வாசகி கேட்டது வெளியே போகும் போனைப் பற்றி. உள்ளே வரும் பொருளில்தான் நாம் அதிகம் மாட்டிக்கொள்கிறோம்.

இந்தியாவில் ரேடியோ அலை விடும் எந்தப் பொருளுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. அனுமதி வேண்டும். போன், சார்ஜர், பவர்பேங்க் போன்றவற்றுக்கு பி.ஐ.எஸ். பதிவும் வேண்டும். ஆன்லைனில் குவிந்து கிடக்கும் வாக்கி டாக்கிகளில் பலவற்றுக்கு இது எதுவுமே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் இங்கே பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் குறைந்த சக்தியில் இயங்குவது மட்டும்தான். அலைவரிசை விவரமோ அனுமதி விவரமோ போடாமல் விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. கோயில் திருவிழாவுக்கு ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்கலாம் என்று திட்டமிடும் இளைஞர் மன்றங்கள் கவனிக்கவும்.

சாட்டிலைட் போன் இன்னும் மோசம். துபாய் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துரையா போன், அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால் ஏர்போர்ட்டிலேயே கைது வரை போகும். இரிடியமும் அப்படியே. சவுதியிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் "சிக்னல் இல்லாத ஊருக்கு நல்லா இருக்கும்" என்று அன்பாக வாங்கி வந்தால், அந்த அன்பு அவரையே உள்ளே வைத்துவிடும்.

கடைசியாக, சிக்னல் பூஸ்டர். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலைக்கிராமங்களில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆன்லைன் வகுப்புக்கும், 108க்கு ஒரு கால் போடுவதற்கும் பாறை ஏற வேண்டியிருந்தால் யாருக்கும் பூஸ்டர் ஆசை வரும். ஆனால் தனியார் அதை வாங்கிப் பொருத்துவது சட்டப்படி குற்றம். செல் கம்பெனி மட்டுமே வைக்கலாம். அது உங்கள் போனின் சத்தத்தை மட்டும் கூட்டாமல் கண்ட இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கு அனுப்பும். உங்கள் வீட்டில் நான்கு கோடு சிக்னல் காட்டும், அந்த டவரை நம்பியிருக்கும் கீழ் ஊருக்கு கால் கட்டாகும். மலைக்கு டவர் கொடுக்காமல் பூஸ்டரை மட்டும் பிடுங்குவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டால், அதற்கு பதில் சொல்ல வேண்டியது செல் கம்பெனிகளும் அரசும்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்க இரண்டு விஷயம். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் டயல் செய்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். போன் எந்த கம்பெனி, எந்த மாடல், எண் சரியானதா என்று பதில் வரும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது காசைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இன்னொன்று, பி.ஐ.எஸ். கேர் ஆப். சார்ஜரிலும் பவர்பேங்கிலும் ஆர் என்ற எழுத்தோடு 8 இலக்க எண் இருக்கும், அதை ஆப்பில் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று காட்டும். பவர்பேங்க் எண்ணைப் போட்டால் எல்.இ.டி. பல்பு என்று வருகிறதா, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.